834 பேரில் ஒருவன் எழுதும் விண்ணப்பம்

அனுப்புநர்: பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே குடியிருப்பவன்.
பெறுநர்: தலைவர், தேசிய மருத்துவ ஆணையம், துவாரகா, புதுதில்லி.
பொருள்: என் பங்குக்கு உரிய டாக்டரைக் கண்டுபிடித்துத் தரக் கோருதல்.

ஐயா,

கேரளத்து நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்கோடி எனக்கு. நாலு எட்டு வைத்தால் தமிழ்நாடு. இந்தப் பக்கம் 'பனி' என்பதை அந்தப் பக்கம் 'காய்ச்சல்' என்பார்கள். தெர்மாமீட்டர் இரண்டு பக்கமும் நூற்றிரண்டுதான் காட்டும்.

2022-இல் சுகாதார அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கைப் படித்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. பதிவு பெற்ற அலோபதி டாக்டர்கள் 13,08,009 பேர்; 834 பேருக்கு ஒரு டாக்டர் வீதம் இருக்கிறாராம். அந்த 834-இல் நானும் ஒருவன். மற்ற 833 பேர் யாரென்று தெரிந்தால் ஒன்றாகவாவது தேடுவோம்.

கணக்குப் போட்ட விதத்தையும் பார்த்தேன். பதிந்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் கிடைப்பார்கள் என்று வைத்துக்கொண்டார்களாம். காலமானவர், வளைகுடாவுக்குப் போனவர், ஸ்டெதஸ்கோப்பை ஆணியில் மாட்டிவிட்டவர் எல்லாரும் மீதி இருபதுக்குள் அடங்கிவிட வேண்டும். எமனுக்கு இப்படிக் கோட்டா நிர்ணயித்த அரசு உலகில் வேறெங்கும் இராது. அதுவும் போதாமல் 5.65 லட்சம் ஆயுஷ் டாக்டர்களைக் கூட்டிய பிறகுதான் 834 வந்தது.

எங்கள் ஊர் வர்ம ஆசானை மட்டும் யாரும் கூட்டவில்லை. தகுதிப் பட்டமும் பதிவும் இல்லாத பாரம்பரிய வைத்தியர்கள் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று 2018 ஏப்ரலில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்புக்குத் தலைவணங்குகிறோம். ஆனால் நடுராத்திரியில் கை பிசகினால் கால் எந்தப் பக்கம் நடக்கிறது என்பதைத் தாங்கள் கேட்காதிருப்பது நலம்.

எங்கள் தனிச் சிக்கல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த 1956 நவம்பர் 1-இல் பிறந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்து விளவங்கோடு தாலுகா மதராசுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்றிலிருந்து இங்கே நாடி பிடிக்க ஒரு மருத்துவக் கவுன்சிலில் பதிவு, அங்கே நாடி பிடிக்க இன்னொரு கவுன்சிலில் பதிவு. சாமர்வெல் டாக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1924-இல் எவரெஸ்டில் ஏறத்தாழ 28,000 அடி ஏறியவர். பிறகு பல்லாண்டு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் கத்தி பிடித்தார். அன்று எல்லாம் ஒரே திருவிதாங்கூர். இன்று அவர் உழைத்த நெய்யூர் தமிழ்நாட்டில், அவர் பெயர் தாங்கிய மருத்துவக் கல்லூரி கேரளத்துக் காரக்கோணத்தில். இப்போது வந்தால் இரண்டு இடத்திலும் பதிவார். உங்கள் கூட்டலில் இரண்டு டாக்டர் ஆவார். 1975-இல் காலமானார் என்பதை யாரும் தெரிவிக்காவிட்டால் நூற்றுக்கு எண்பதிலும் சேர்வார்.

2024 ஆகஸ்ட் 23-இல் தேசிய மருத்துவப் பதிவேடு தொடங்கினீர்கள். டாக்டருக்கு டாக்டர் தனி எண், ஆதாரோடு இணைப்பு. நல்ல காரியம். எங்கள் வீட்டுப் பசுவின் காதில் 12 இலக்க எண் எப்போதோ தொங்கிவிட்டது. டாக்டர்கள் கொஞ்சம் பிந்திவிட்டார்கள், அவ்வளவே.

ஆகவே தாழ்மையான கோரிக்கைகள்:

1. எல்லையின் இரு பக்கமும் பதிந்த டாக்டரை ஒரு தடவை மட்டும் எண்ணவும்.

2. காலமான டாக்டர்களைப் பணியிலிருந்து விடுவிக்கவும். போதுமான அளவு உழைத்துவிட்டார்கள்.

3. 2020-இல் களியக்காவிளையில் எங்களிடம் இ-பாஸ் கேட்டார்கள், கொரோனாக் கிருமியிடம் கேட்கவில்லை. அந்தச் சலுகையைக் கிருமியைத் துரத்தும் டாக்டருக்கும் நீட்டிக்கவும்.

4. என் டாக்டரின் பெயரைச் சொல்லவும். ஊரை நான் விசாரித்துக்கொள்கிறேன். உயிரோடு இருப்பவராக இருந்தால் விசேஷம்.

பதில் வரும்வரை கஷாயத்தோடு காத்திருக்கும்,
834 பேரில் ஒருவன்.