எழுபது வருஷப் பழக்கம்

மழை வருமா என்று ஒரு பழைய நியூகாசில் யுனைடெட் கால்பந்து ரசிகரிடம் கேட்டுப் பாருங்கள். வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "வரும். அதுவும் 90-ஆவது நிமிஷத்தில்" என்பார். 1955-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணி, உள்நாட்டில் அடுத்த பெரிய கோப்பையைத் தொட்டது 2025 மார்ச்சில். இடையில் பிறந்து, படித்து, உத்தியோகம் பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்ட மனிதருக்கு பஸ் தாமதமெல்லாம் ஒரு பொருட்டா?

குடை என்பது அவர் அகராதியில் லண்டன்காரர்களின் பலவீனம். ஜனவரிக் குளிரில் அரைக்கைச் சட்டையோடு நின்று, காகிதக் கோப்பையில் போவ்ரில் உறிஞ்சுவார் (மாட்டிறைச்சிச் சாறுதான், தேநீர் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்). கையிலுள்ள இறைச்சிப் பை (pie) ஓரத்தில் ஜில்லிட்டிருக்கும். நடுவில் நாக்கைப் பொசுக்கும். "அந்தக் காலத்தில் எல்லாப் பக்கமும் பொசுக்கும்" என்று பெருமூச்சு விடுவார். 2019-இல் பிரீமியர் லீகுக்கு வீடியோ நடுவர் வந்ததிலிருந்து, பாத்திரம் கழுவவில்லை என்ற மனைவியின் தீர்ப்புக்கும் மறுஆய்வு கேட்கிறார்.

அந்த 2025 கோப்பைக்காக அணி வெம்பிளியில் லிவர்பூலை 2-1 என்று வென்ற அன்று குழந்தை மாதிரி அழுதார். மறுநாள் காலை, டீயில் பால் கூடிப்போச்சாம்.