கேட்சரின் முதுகுக்குப் பின்னால்: பேஸ்பால் அம்பயர் கேள்வி-பதில்

கிரிக்கெட்டில் அம்பயர் பந்து வீசுபவர் பக்கம் நிற்கிறார். பேஸ்பாலில் மட்டும் ஏன் கேட்சரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்? (சேலம் வாசகர்)

ஒளியவில்லை, எட்டிப் பார்க்கிறார். கிரிக்கெட்டில் ஸ்டம்ப் கண்ணெதிரே நட்டிருக்கிறது. பேஸ்பாலில் அப்படி எதுவும் கிடையாது. 17 அங்குல அகலத்தில் ஒரு ஹோம் பிளேட் தரையோடு தரையாகப் பதிந்திருக்கும். அதற்கு மேலே, பேட்டரின் முழங்காலுக்குச் சற்றுக் கீழிருந்து நெஞ்சு வரை, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி. பந்து அதன் ஓரத்தை உரசினாலும் அது பேட்டருக்கு எதிரான ‘ஸ்ட்ரைக்’, மூன்று ஆனால் அவர் அவுட். 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து பிளேட்டை எட்ட 0.4 நொடிதான் ஆகும். அந்தப் பெட்டியைப் பின்னாலிருந்து பார்த்தால்தான் அகலமும் உயரமும் சேர்ந்து தெரியும். ஆனால் பார்க்க வேண்டிய இடத்திலேயே, பந்தைப் பிடிக்கும் கேட்சர் உட்கார்ந்திருக்கிறார். பிளேட் அம்பயரின் தொழில் முழுக்க அந்த ஒரு மனிதரைச் சுற்றித்தான் நடக்கிறது.

சரி, எங்கேதான் நிற்க வேண்டும்? (கோவை கல்லூரி மாணவர்)

பேட்டருக்கும் கேட்சருக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். அதை ‘ஸ்லாட்’ என்பார்கள். அம்பயரின் தலை அங்கேதான் இருக்க வேண்டும். வலக்கை பேட்டர் ஆடினால் அந்த இடைவெளி அம்பயருக்கு இடப்பக்கம், இடக்கை பேட்டர் வந்தால் வலப்பக்கம். அந்தப் பக்கத்துக் கால் சற்று முன்னால், மற்றது கேட்சருக்குப் பின்னால் அரையடி தள்ளி. கால்களுக்கு நடுவே தோள் அகலத்துக்கும் கூடுதலாக இடம் விட வேண்டும். மோவாய் கேட்சரின் தலைக்கவசத்துக்குக் கீழே போகக் கூடாது. கண் ஏறக்குறைய ஸ்ட்ரைக் பெட்டியின் மேல்விளிம்பு மட்டத்தில் இருக்கும்.

இப்படி நின்றால் உள்பக்க ஓரம் துல்லியமாகத் தெரியும். பேட்டருக்கு எட்டத்தில், முழங்கால் மட்டத்தில் வரும் பந்துதான் கடினம். அது கண்ணுக்குத் தொலைவில், சாய்வாகத் தெரியும். அதற்காக அந்தப் பக்கம் சாயக் கூடாது. தலை நகர்ந்தால் பெட்டியும் சேர்ந்து நகரும். ஒவ்வொரு பந்துக்கும் தலை அதே இடத்தில், அதே உயரத்தில் இருந்தால்தான் முதல் இன்னிங்சின் ஸ்ட்ரைக் ஒன்பதாவதிலும் ஸ்ட்ரைக்காக இருக்கும். ஒரு மேஜர் லீக் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 300 பந்துகள் வீசும். அத்தனைக்கும் ஒரே மாதிரி குனிய வேண்டும் என்றால் தொடை என்ன பாடுபடும், எண்ணிப் பாருங்கள். ஜெரி டேவிஸ் என்ற மூத்த அம்பயர் சற்றுப் பின்னால் தள்ளி நின்று, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி உடலைப் பூட்டிக்கொள்வார். தலை ஆடாமல் இருக்க அது நல்ல வழி என்பதால் பலர் அவரைப் பின்பற்றினார்கள்.

தவறான தீர்ப்பு வந்ததும் ‘கண்ணாடி போடு’ என்று ரசிகர்கள் கத்துவது நியாயமா? (திருச்சி வாசகி)

கண்ணை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். பந்து வரும்போது அம்பயர் எங்கே நின்றார், தலை அசைந்ததா என்று கவனித்தால் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம் அங்கேயே கிடைக்கும்.

கேட்சர் உள்பக்கமாக நகர்ந்து அந்த இடைவெளியையே அடைத்துவிட்டால்? (மதுரை வாசகர்)

மேலே போக வேண்டும். அவர் தலைக்கு மேலாகப் பார்க்க வேண்டுமே தவிர, மறுபக்கம் தாவக் கூடாது. தாவினால் பழகிய கோணம் போய்விடும். பேட்டில் பட்டுத் திரும்பும் பந்துக்கும் உங்களுக்கும் நடுவே கேட்சர் இருக்கமாட்டார். இப்போது பல கேட்சர்கள் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றித் தாழ்ந்து உட்காருகிறார்கள். தாழ்ந்த பந்தை அழகாகப் பிடித்து ஸ்ட்ரைக் போலக் காட்டுவதற்கு அவர்கள் செய்யும் ஏற்பாடு அது. அம்பயருக்கும் அதில் லாபம் உண்டு, முன்பைவிடத் தெளிவாகப் பார்க்கலாம்.

பந்து வரும்போது எப்போது தீர்ப்புச் சொல்ல வேண்டும்? (நாகர்கோவில்)

பந்து கிளவுசில் விழுந்த பிறகு, ஒரு மூச்சு தாமதித்து.

அந்தக் காலத்து அம்பயர்களும் இப்படித்தான் நின்றார்களா? (புதுச்சேரி வாசகர்)

இல்லை. இந்த வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. மேஜர் லீக்கில் அமெரிக்கன், நேஷனல் என இரு பிரிவுகள். அமெரிக்கன் லீக் அம்பயர்கள் நெடுங்காலம் மெத்தை போன்ற பெரிய மார்புக்கவசத்தைக் கையில் பிடித்து முன்னால் வைத்துக்கொண்டு நின்றார்கள். அதை வைத்துக்கொண்டு இடைவெளியில் நுழைய முடியாது. கேட்சரின் தலைக்கு நேர் மேலேதான் பார்க்க வேண்டும். நேஷனல் லீக்கில் அம்பயர் பில் க்ளெம் காட்டிய வழியில் சட்டைக்குள் அணியும் கவசம் வந்தது. அதனால் அவர்கள் ஸ்லாட்டில் தாழ்ந்து நிற்க முடிந்தது. விளைவு? அமெரிக்கன் லீக்கில் உயரமான பந்துக்கும், நேஷனல் லீக்கில் தாழ்ந்த பந்துக்கும் ஸ்ட்ரைக் எளிதாகக் கிடைக்கும் என்று ஆட்டக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். விதிப்புத்தகம் ஒன்றுதான். ஒரு கவசத்தின் பருமன் நிற்கும் இடத்தை மாற்றியது. நின்ற இடம் தீர்ப்பை மாற்றியது. 1977 முதல் அமெரிக்கன் லீக்கின் புதிய அம்பயர்களும் உட்கவசம் அணிய வேண்டும் என்றானது. வெளிக்கவசத்தைக் கடைசிவரை விடாத ஜெரி நியூடெக்கர் 1985-இல் ஓய்வு பெற்றார்.

பந்து செங்குத்தாக மேலே எழும்பினால் கேட்சர் முகக்கவசத்தை எறிந்துவிட்டுச் சுழல்கிறார். பின்னால் நிற்பவர் மிதிபட மாட்டாரா? (ஈரோடு வாசகி)

மிதிபடாமல் இருப்பதுதான் கலை. பந்து எங்கே என்று வானத்தைத் தேடுகிற அம்பயர்தான் இடிபடுவார். முதலில் கேட்சரின் தோளைப் பார்க்க வேண்டும். எந்தத் தோள் திரும்புகிறதோ, அவர் அந்த வழியாகத்தான் வருவார். நெரிசலான பேருந்தில் இறங்குகிறவருக்கு உடலைத் திருப்பி வழிவிடுவோமே, அதுபோல ஒரு காலைப் பின்னால் எடுத்துக் கதவாகத் திறந்துகொள்ள வேண்டும். அவர் கடந்த பிறகுதான் பின்தொடர வேண்டும். ஒட்டிக்கொண்டும் ஓடக் கூடாது. கிளவுசும் பந்தும் ஒருசேரத் தெரியும் கோணத்தில் நின்றுவிட வேண்டும்.

இன்னொரு நுட்பம்: பேட் அடிப்பக்கத்தைத் தேய்த்ததால் பின்பக்கம் எழும்பும் பந்து பின்சுழற்சியால் மைதானத்தை நோக்கியே வளைந்து திரும்பும். அதனால் கேட்சர் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, வளைந்து வரும் பந்துக்காகக் காத்திருப்பார். பின்னால் விலகி நின்று அவருக்கு அந்த இடத்தைக் கொடுப்பது அம்பயரின் வேலை.

கேட்சர் இரண்டாவது பேஸுக்கு எறியும்போது கை அம்பயர்மேல் பட்டுவிட்டால்? (தஞ்சாவூர்)

விதியே இருக்கிறது. பேஸ் திருட ஓடியவர் அந்த எறிதலில் அவுட் ஆகிவிட்டால் அவுட்தான். ஆகாவிட்டால் அவர் பழைய பேஸுக்குத் திரும்ப வேண்டும். பிழை அம்பயருடையது, இழப்பு ஓடியவருக்கு! அதனால்தான் ரன்னர் கிளம்பியதும் முன்னால் பாயாமல், உடலைப் பின்வாங்கிக் கேட்சரின் கைக்கு இடம் கொடு என்று பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள்.

பேஸில் யாரும் இல்லை, பந்து தரையோடு உருண்டது. அப்போதும் பிளேட் அம்பயர் ஓடுகிறாரே, எதற்கு? (சென்னை வாசகர்)

முதல் பேஸை நோக்கி ஓடுகிறார். அதுவும் கேட்சரின் இடப்பக்கமாக வெளியேறி. முதல் பேஸ் வலப்பக்கம் இருக்க, இடப்பக்கம் ஏன்? பேட்டர் வலப்பக்கம் ஓடுகிறார். எறிதல் தவறினால் பந்தைத் தடுக்கக் கேட்சரும் வலப்பக்கம் ஓடுகிறார். அந்தக் கூட்டத்தில் மூன்றாவது ஆளாக நுழைந்தால் மூவரும் விழுவார்கள். வெளியே வந்ததும் கோட்டையொட்டிச் சற்றுத் தூரம் போய், எறிதல் வருவதற்குள் நின்றுவிட வேண்டும். ஓடிக்கொண்டே பார்த்தால் கண் குலுங்கும். பேட்டர் தனக்குரிய தடத்தில் ஓடினாரா, பேஸ்காரரின் கால் பேஸை விட்டு விலகியதா என்று பார்க்கவே இந்த ஓட்டம்.

ஹோம் பிளேட்டில் ரன்னர் சறுக்கி வருகிறார், பந்தும் வருகிறது. அம்பயருக்கு நிலையான இடம் உண்டா? (டல்லாஸ் தமிழர்)

தொடங்கும் இடம் உண்டு, முடியும் இடம் கிடையாது. பிளேட்டின் முனைக்குப் பின்னால் தொடங்கி, கேட்சருக்கும் ரன்னருக்கும் நடுவே உள்ள வெளிச்சத்தைத் தேடி நகர வேண்டும். கேட்சர் ஓர் அடி வைத்தால் அம்பயரும் ஓர் அடி. கிளவுஸ் ரன்னர்மேல் படும் இடம் கேட்சரின் முதுகால் மறைந்துவிடக் கூடாது.

2011 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் ரன்னர் ஸ்காட் கசின்ஸ் ஹோம் பிளேட்டில் மோதியதில் கேட்சர் பஸ்டர் போசியின் கால் எலும்பு முறிந்தது. அவருக்கு அந்த சீசனே முடிந்துபோனது. 2014-இல் மோதலைத் தடுக்கும் விதி வந்தது. பந்து கையில் இல்லாத கேட்சர் ரன்னரின் வழியை அடைக்கக் கூடாது, ரன்னரும் வழியை விட்டு விலகிப் போய் மோதக் கூடாது. இதனால் அம்பயர் இப்போது தொடுதலோடு கேட்சரின் காலடியையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வேலை இரட்டித்தாலும் ஆட்டக்காரரின் எலும்பைக் காக்கும் விதி. நான் அதற்கு முழு ஆதரவு.

ஸ்லாட்டில் நின்றாலும் தெரியாத பந்து உண்டா? (வேலூர் வாசகர்)

உண்டு. கேட்சரின் கிளவுசுக்கு அடியில், மண்ணோடு ஒட்டிப் பிடிக்கப்படும் பந்து. 2005 அக்டோபர் 12, சிகாகோ. அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டம், 1–1, ஒன்பதாவது இன்னிங்சில் இரண்டு அவுட். ஒயிட் சாக்ஸ் பேட்டர் பியர்சின்ஸ்கி பேட்டைச் சுழற்றித் தவறவிட்டார், மூன்றாவது ஸ்ட்ரைக். பந்தைப் பிடித்துவிட்டதாக நம்பிய எதிரணிக் கேட்சர் ஜாஷ் பால் அதைக் களத்தில் உருட்டிவிட்டு நடந்தார். மூன்றாவது ஸ்ட்ரைக் மண்ணில் பட்டிருந்தால் பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம். பியர்சின்ஸ்கி ஓடினார். பிளேட் அம்பயர் டக் எடிங்ஸ் பந்து பிடிபடவில்லை என்றார். ஆனால் அதற்கு முன் அவர் காட்டிய கைச்சைகை அவுட் போலவே இருந்தது. ஒயிட் சாக்ஸ் அந்த ஆட்டத்தை 2–1 என வென்றது, அந்த ஆண்டு உலகத் தொடரையும் வென்றது. பந்து பட்டதா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். தீர்ப்பு தெளிவாகக் காதில் விழுந்திருந்தால் ஜாஷ் பால் பந்தைக் கையிலேயே வைத்திருப்பார். கேட்சர் அம்பயரைப் பார்க்க முடியாது. ஆகவே ‘பிடிபடவில்லை’ என்று வாயால் உரக்கச் சொல்ல வேண்டும்.

பெண்கள் இந்த இடத்தில் நின்றிருக்கிறார்களா? (திருநெல்வேலி வாசகி)

நின்றிருக்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 9-இல் ஜென் பாவல் அட்லாண்டாவில் மேஜர் லீக் சீசன் ஆட்டத்தில் பணியாற்றிய முதல் பெண் அம்பயரானார். மறுநாளே ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நின்றார். கல்லூரியில் அவர் சாஃப்ட்பால் கேட்சர். இவ்வளவு தாமதமாக வந்த செய்திதான், ஆனாலும் கொண்டாடுங்கள்.

2026 முதல் கேமராவே ஸ்ட்ரைக் சொல்லிவிடுமாமே. இனி ஸ்லாட் எதற்கு? (பெங்களூரு தமிழர்)

கேமரா எல்லாப் பந்துக்கும் சொல்லப்போவதில்லை. அணிக்கு இரண்டு முறையீடு. பேட்டர், பிட்சர், கேட்சர் மூவரில் ஒருவர் தலையைத் தட்டிக் கேட்கலாம். வென்றால் முறையீடு கையிலேயே இருக்கும், தோற்றால் ஒன்று போகும். அந்தப் பெட்டியின் மேல்விளிம்பு பேட்டரின் உயரத்தில் 53.5%, கீழ்விளிம்பு 27% என்று கணக்கிடுகிறார்கள். மற்ற பந்துகள் எல்லாம் மனிதக் கண்ணுக்குத்தான். பிழையைத் திருத்த ஒரு வழி இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன். எழும்பிய பந்தில் கேட்சருக்கு வழிவிட எந்தக் கேமராவும் வராது.

மகளின் லிட்டில் லீக் அணிக்கு அம்பயராக நிற்க அழைக்கிறார்கள். பயமாக இருக்கிறது. (நியூ ஜெர்சி தந்தை)

போய் நில்லுங்கள். முகம், மார்பு, தொண்டை, முழங்கால், அடிவயிறு அனைத்துக்கும் கவசம் இல்லாமல் பிளேட்டுக்குப் பின்னால் போகாதீர்கள். கேட்சராக உட்காரும் குழந்தையின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் முதுகில் கை வைக்காதீர்கள். அவள் எழும்போது உங்கள் கை தடுக்கும். பந்து அடிபட்டதும் முகக்கவசத்தை இடக்கையால் கழற்றுங்கள். தீர்ப்புச் சொல்ல வலக்கை காலியாக இருக்கட்டும். சின்னக் குழந்தைகளின் பந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே வழிவிடும் பயிற்சியை வீட்டு முற்றத்திலேயே மகளை உட்காரவைத்துச் செய்து பாருங்கள். வில்லியம்ஸ்போர்ட்டில் நடக்கும் லிட்டில் லீக் உலகத் தொடரில்கூட அம்பயர்கள் தன்னார்வலர்களே. இந்த வாரமே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.