ஏலக்காய்க் கடைகளில் சர்வர் அறுபடுதல்: சிலமலை வட்டாரத்தை முன்வைத்து ஒரு முன்னோட்ட ஆய்வு

போடிநாயக்கனூரிலும் கேரளத்துப் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிறது. வியாபாரிகள் கணினி முன் அமர்ந்து விலை கேட்கிறார்கள். அங்கே இணைப்பு அறுந்தால் என்னாகும் என்பது பெரிய ஆய்வாளர்களுக்கு உரிய பொருள். நமக்கு வாய்த்தது, சிலமலைப் பக்கத்து ஏலக்காய்க் கடை ஒன்றில் (பெயர் ஆய்வு நெறி கருதி மறைக்கப்படுகிறது) கணினிகள் சர்வரை அவ்வப்போது மறந்துபோவது. எட்டு எம்.எம். காய்க்குப் பில் போட்டுக்கொண்டிருக்கையில் டிரைவ் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழும். இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் ஐந்து.

ஒன்று, மழை. வெயிலிலும் அறுகிறது, தள்ளுக.

இரண்டு, எலி. நிறுவப்பட்டது (காண்க: மேசைக்கடியில்).

மூன்று, கேபிள் முனை. அதன் க்ளிப் உடைந்து, சாக்குத் தைக்கும் சணலால் நெட்வொர்க் ஸ்விட்சோடு கட்டப்பட்டுள்ளது. மூட்டை தூக்குபவரின் முழங்கை பட்டால் அறும். எளிதில் விளங்குவதால் அறிஞர் எவரும் இதைப் பொருட்படுத்தவில்லை.

நான்கு, தேநீர். ஆய்வுலகம் பிளந்தது இங்கேதான். கணக்குப்பிள்ளை டீ குடித்துவிட்டு வந்தால் இணைப்பு இருப்பதில்லை. டீக்கடைக்காரரின் கருநாக்கே காரணம் என்பது ஒரு சாரார் கொள்கை (காண்க: சர்வர் மேல் ஒட்டிய மஞ்சள் சீட்டு, வரி 2). டீயின் சூடு என்பர் மறுசாரார் (காண்க: பெஞ்சு வாய்மொழி மரபு, வடைப் படலம், எண்ணெய் ஊறிய பிரதி, இதில் ‘ரீஸ்டார்ட் பண்ணு’ என்பதற்கு ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணு’ எனப் பாடபேதம் உண்டு, இரண்டும் ஒரு பொருளன என்பார் உரையாசிரியர், அவர் கருத்து ஈண்டைக்குப் பொருந்தாமை அறிக). இரு சாராரும் ஒரே கட்டுரையைத் தலைப்பு மாற்றி மூன்று கருத்தரங்க மலர்களில் வெளியிட்டு, பதவி உயர்வும் பெற்றுவிட்டனர். சர்வர் இருக்கும் அறைக்குள் நுழைந்தவர் அவர்களில் ஒருவருமில்லை.

நுழைந்திருந்தால் தெரிந்திருக்கும். சும்மா கிடக்கும் இணைப்பை 15 நிமிடத்தில் துண்டிப்பது விண்டோஸ் சர்வரின் வழக்கமான ஏற்பாடு. மறுபடி தொட்டால் தானே ஒட்டிக்கொள்ளும். பழைய கணக்கு மென்பொருள் சிலவற்றுக்குத்தான் அதுவரை காத்திருக்கப் பொறுமை கிடையாது. போடி டீக்கடையில் அரசியல் பேசாமல் 15 நிமிடத்தில் எழுந்தவர் உண்டா? அந்த 15 என்ற இடத்தில் -1 என்று போட்டால் துண்டிப்பு நின்றுவிடும். ஒரு பொடியன் வந்து போட்டுவிட்டான். இரண்டு முனைவர் பட்டத் தலைப்புகள் அன்றே பாழாயின. பழையபடி 15 வைக்குமாறு ஆய்வுக்குழு மன்றாடியும் கணக்குப்பிள்ளை இணங்கவில்லை.

ஐந்து, கரண்ட். மின்சாரம் போனால் சர்வர் யூ.பி.எஸ்ஸில் ஓடுகிறது; கணினிகளும் ஓடுகின்றன. நடுவிலுள்ள ஸ்விட்ச் மட்டும் சாகிறது. அதன் பிளக், சாமி படத்துச் சீரியல் பல்போடு சுவர்ப் பாயிண்டில் செருகியிருக்கிறது. இதைத் ‘தெய்வக் காரணங்கள்’ என்ற இயலில் சேர்த்திருக்கிறோம்.