பண்டிகைக்கு ஒரு ஜனத்தொகைக் கணக்கு: செய்முறை விளக்கம்

மக்கள்தொகை நிபுணர் ஆக ஆசைப்படுகிறவர்கள் கால்குலேட்டர் வாங்குவதற்கு முன்னால் ஒரு தினசரி காலண்டர் வாங்கி ஆணியில் மாட்ட வேண்டும். எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் வெறும் செவ்வாய்க்கிழமையில் வெளியிட்டால் ஒரு நாயும் சீண்டாது. அதையே பண்டிகைக்கு முந்தின நாள் வெளியிடுங்கள். விடுமுறைச் செய்திப் பஞ்சத்தில் தவிக்கும் ஆசிரியர்கள் உங்களை முதல் பக்கத்தில் தூக்கி வைப்பார்கள்.

இந்தக் கலையை ஜப்பானியர்களிடம்தான் கற்க வேண்டும். மே 5 அங்கே குழந்தைகள் தினம். அதையொட்டி, 15 வயதுக்குட்பட்டவர்கள் நாட்டில் எத்தனை பேர் என்று அரசின் புள்ளியியல் துறை அறிவிக்கும். 2025இல் ஏறத்தாழ 1 கோடியே 37 லட்சம். தொடர்ந்து 44ஆவது ஆண்டாகச் சரிவு. செப்டம்பர் மூன்றாவது திங்கள் முதியோரைப் போற்றும் நாள். அதற்கு 65 வயது தாண்டியவர்களின் கணக்கு: 3 கோடியே 62 லட்சம். புத்தாண்டு வந்தால், அந்த ஆண்டுக்குரிய விலங்கின் ராசியில் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கணக்கு. குழந்தைகளுக்குப் பட்டம் கட்டுகிற நாளில் குழந்தைகளே இல்லை என்று சொல்ல ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும், பயிற்சியில் வந்துவிடும்.

பரிசு அறிவிக்கிற வேலை உங்களிடம் வந்தால் மட்டும் கொஞ்சம் உஷார். 1963இல் ஜப்பானில் நூறு வயது தாண்டியவர்கள் 153 பேர். நூறைத் தொடுகிறவருக்கெல்லாம் அரசு வெள்ளிக் கிண்ணம் தரும் என்று அந்த ஆண்டு ஆரம்பித்தார்கள். 2025 செப்டம்பரில் நூறு தாண்டியவர்கள் 99,763. கட்டுப்படியாகாமல் 2016லிருந்தே கிண்ணம் வெள்ளி முலாமாகிவிட்டது. தாத்தா பாட்டிகள் இப்படி வாக்குத் தவறாமல் வாழ்வார்கள் என்று நிதித்துறையில் யாரும் கணித்திருக்கவில்லை.

அடுத்தது, எண்ணை ஒருபோதும் முழுசாக்காதீர்கள். 2024 புத்தாண்டன்று நாட்டின் மக்கள்தொகை 33,58,93,238 என்று அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை முன்கூட்டியே சொன்னது. 33 கோடியே 59 லட்சம் என்றிருந்தால் அது ஊகம். கடைசியில் அந்த 238 பேர் வந்து நின்றதும் அது விஞ்ஞானம் ஆகிவிடுகிறது. கூடவே 9 விநாடிக்கு ஒரு பிறப்பு, 9.5 விநாடிக்கு ஒரு இறப்பு என்று ஒரு கடிகாரமும் ஓடவிட்டார்கள். வாசகருக்கு உடனே மூச்சு முட்டும்.

தேதி விஷயத்தில் துணிச்சல் முக்கியம். உலகின் 700ஆவது கோடி மனிதர் 2011 அக்டோபர் 31 அன்று பிறந்ததாக ஐ.நா. அறிவித்தது. அமெரிக்காவில் அன்றைக்குப் பேய் வேஷம் கட்டும் ஹாலோவீன். அதே அமெரிக்காவின் கணக்கெடுப்புத் துறையோ, இல்லை, 2012 மார்ச் 12தான் என்றது. 800 கோடிக்கு ஐ.நா. குறித்த நாள் 2022 நவம்பர் 15. அமெரிக்கர்கள் குறித்தது 2023 செப்டம்பர் 26. பத்து மாத வித்தியாசம், ஒரு பிள்ளை பெற்றுவிடலாம். பல நாடுகளில் ஒழுங்கான பிறப்புப் பதிவே கிடையாது என்பதால் இரண்டு தரப்பையும் யாரும் மறுக்க முடியாது. நீங்களும் பயப்படாமல் ஒரு நல்ல நாளாகப் பார்த்துக் குறிக்கலாம்.

இனி உச்சக்கட்ட வித்தை. கடந்த ஒரு வருடத்து மாற்றத்தை எடுத்து, ரூலர் வைத்து, தாள் தீரும் வரை கோட்டை நீட்டுங்கள். தோஹோக்கு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோஷி யோஷிதா இதில் மன்னர். 3011ஆம் ஆண்டு குழந்தைகள் தினத்தைக் கொண்டாட ஒரே ஒரு குழந்தைதான் மிஞ்சியிருக்கும் என்று 2012இல் சொன்னார். 2024இல் மறுபடி கணக்குப் போட்டபோது அந்த நாள் 2720 ஜனவரி 5 ஆகிவிட்டது. பன்னிரண்டே வருடத்தில் ஊழிக்காலம் 291 வருடம் முன்னால் நகர்ந்திருக்கிறது. போதாததற்கு 2024 ஏப்ரல் 1 அன்று அவருடைய இன்னொரு கணக்கு வந்தது: 2531இல் ஜப்பானியர் அத்தனை பேரின் குடும்பப்பெயரும் ‘சாட்டோ’ ஆகிவிடுமாம். முட்டாள்கள் தின வேடிக்கை என்றே பலர் நினைத்தார்கள். அப்படியில்லை. தம்பதிக்கு ஒரே குடும்பப்பெயர்தான் இருக்க வேண்டும் என்ற ஜப்பானியச் சட்டத்தை மாற்றக் கேட்பவர்களுக்காகப் போட்ட கணக்கு அது. ஆள் சிரித்துக்கொண்டே பயமுறுத்துகிறார், அவ்வளவுதான். இரண்டு கணக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள்: அந்தக் கடைசிக் குழந்தையின் பெயரே தெரிந்துவிடுகிறது!

கோடு மட்டும் சில சமயம் காலை வாரும். 1965இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் 18.2 லட்சம். 1966இல் 13.6 லட்சம். 1967இல் 19.4 லட்சம். நடுவில் போரும் இல்லை, பஞ்சமும் இல்லை. 1966 ‘நெருப்புக் குதிரை’ ஆண்டு. அதில் பிறக்கும் பெண் அடங்காதவள், கட்டியவனை விழுங்கிவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை. தீ வைத்ததற்காக 1683இல் எரித்துக் கொல்லப்பட்ட ஓஷிச்சி என்ற காய்கறிக் கடைக்காரர் மகள், அப்படியொரு நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்தவள் என்று நாடக மேடைகள் பரப்பிய கதை அது. மூல நட்சத்திரப் பெண் மாமனாருக்கு ஆகாது என்று ஜாதகத்தைத் திருப்பி அனுப்பும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிட்டத்தட்ட மூன்று நூற்றாண்டுப் பழைய மேடைக் கதை நாலரை லட்சம் குழந்தைகளை வரவிடாமல் செய்தது. எந்தச் சமன்பாட்டிலும் ஓஷிச்சிக்கு இடம் கிடையாது. நெருப்புக் குதிரை அறுபது வருடத்துக்கு ஒரு முறை வரும். நமது பராபவ வருஷத்தைப் போலவே 1966க்கு அடுத்தது 2026. ஆகவே முன்கணிப்பு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘தற்போதைய போக்கு தொடர்ந்தால்’ என்று பொடி எழுத்தில் போட்டுவைப்பது உடம்புக்கு நல்லது.

உள்ளூரில் தொழில் பழக ஆசைப்படுகிறவர்களுக்கு இப்போது பொற்காலம். இந்தியாவில் கடைசியாகத் தலை எண்ணியது 2011இல். 2021 கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், அதற்குப் பிறகு நீங்கள் மேடையிலும் பேப்பரிலும் கேட்ட நாட்டு மக்கள்தொகை எல்லாமே நீட்டிய கோடுதான். அடுத்த கணக்குக்கான குறிப்பு நேரம் 2027 மார்ச் 1, நள்ளிரவு. நம் கணக்கெடுப்புகளில் 30, 35, 40, 45 என்று வயது சொல்கிறவர்கள் எப்போதும் அளவுக்கு மீறி இருப்பார்கள்; 41, 43 வயதுக்காரர்கள் எங்கோ காணாமல் போவார்கள். கணக்கெடுக்கிற டீச்சர் வாசலில் நின்று வயது கேட்டால் “ஒரு நாப்பது போட்டுக்கோங்க” என்று சொல்லாமல், உள்ளே போய் ஆதாரைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். அவர் இன்னும் பத்து வீடு ஏற வேண்டும் என்பதால் சீக்கிரம் பார்த்துவிட்டு வாருங்கள்.