நிழலும் நிழலும்

ஷேட், ஷேடோ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் தமிழில் நிழல்தான். புளியமரத்தடியில் வெயில் படாமல் மாடு அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கிறதே, அந்த இடம் ஷேட். அதே மாடு எழுந்து வெயிலில் நடக்கும்போது கூடவே தரையில் கறுப்பாக ஒரு மாடு நடக்கிறதே, அது ஷேடோ. இரண்டையும் ஒரே சொல்லால் சமாளித்துப் பழகிய பள்ளிக்கூடத்துப் பையன், மதிய வெயிலுக்கு ஷேடோ தேடி ஓடினேன் என்று கட்டுரை எழுதி, சிவப்பு மையில் ஒரு சுழி வாங்குவான்.

பையன் பக்கம் ஒரு சாட்சி உண்டு. பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டும் ஒரே சொல். எழுவாயாக நிற்கும்போது ஒரு வடிவம், வேற்றுமை ஏற்கும்போது இன்னொரு வடிவம். மரம், மரத்தை என்று தமிழில் மாறுவதைப் போல. பிற்காலத்தில் ஆங்கிலம் வேற்றுமை உருபுகளை ஏறக்குறைய எல்லாம் உதிர்த்துவிட்டது. உருபு போன பிறகும் வடிவங்கள் இரண்டும் போகவில்லை. தனிக்குடித்தனம் வைத்து, ஆளுக்கொரு பொருளைப் பாகம் பிரித்துக்கொண்டன. மரம் என்றால் தோப்பில் நிற்பது, மரத்து என்றால் கதவுக்கு அறுத்தது என்று தமிழில் ஒரு பிரிவினை நடந்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

லெண்ட், பாரோ இணையில் தவறு நடப்பதும் இப்படித்தான். தமிழில் கொடுப்பதும் கடன், வாங்குவதும் கடன். திசையை வினைச்சொல் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் கொடுக்கிறவர் லெண்ட் பண்ணுகிறார், வாங்குகிறவர் பாரோ பண்ணுகிறார். ‘உங்கள் பேனாவை எனக்கு பாரோ பண்ணுங்கள்’ என்பவர், பேனாவுக்குச் சொந்தக்காரரையே அவருடைய பேனாவைக் கடன் வாங்கச் சொல்கிறார். இவ்வளவு கறாரான ஆங்கிலம் வாடகைக்கு வந்ததும் தளர்ந்துவிடுகிறது. வீட்டை விடுவதும் ரெண்ட், எடுப்பதும் ரெண்ட். ஒருவர் வீட்டை ரெண்ட் பண்ணினார் என்று மட்டும் சொன்னால், அவர் வீட்டுக்காரரா குடிவந்தவரா என்பது அட்வான்ஸ் எந்தப் பக்கம் போனது என்று விசாரித்தால்தான் தெரியும்.

அசையாமல் நிற்பதற்கும் காகிதம், பென்சில் வகையறாவுக்கும் ஆங்கிலத்தில் ஒரே உச்சரிப்பு. எழுத்தில்தான் ஓர் எழுத்து வேறுபடும். தமிழில் எழுதினால் அந்த வேறுபாடும் போய், இரண்டும் ஸ்டேஷனரி. உறவு உண்மையானதே. இடைக்கால ஐரோப்பாவில் சரக்கைச் சுமந்து ஊர் ஊராகப் போனவர்கள் நடுவே, ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டுப் புத்தகம் விற்றவருக்கு ஸ்டேஷனர் என்று பெயர். லண்டனில் அவர்களுடைய சங்கம் 1557இல் அரச சாசனம் பெற்றது. ஆக, ஸ்டேஷனரி என்பது அசையாத கடையில் கிடைத்த சாமான்.

கௌ, பீஃப் இணைக்குப் பின்னால் ஒரு படையெடுப்பே இருக்கிறது. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். மேய்த்தவர் வாயில் மாடும் ஆடும் பன்றியும் பழைய ஆங்கிலப் பெயரோடு இருக்க, தின்றவர் வாயில் அவை பீஃப், மட்டன், போர்க் ஆயின. வால்டர் ஸ்காட் 1819இல் வெளியிட்ட ‘ஐவன்ஹோ’ நாவலில் ஒரு விதூஷகன் பன்றி மேய்ப்பவனுக்கு இதை விளக்குவதாக வருகிறது. விளக்கம் கொஞ்சம் அதிகமாகவே பொருந்துவதுதான் அதில் சந்தேகத்துக்கு இடம். பீஃப் என்ற சொல் பல நூற்றாண்டுகள் உயிருள்ள மாட்டையும் குறித்தது. தொழுவத்துக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே சுவர் எழும்ப வெகுகாலம் ஆயிற்று. கோழிக்கு அந்தச் சுவரே இல்லை. பஞ்சாரத்திலும் சிக்கன், பாத்திரத்திலும் சிக்கன்.

மட்டன் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தபோது இன்னொரு மாற்றம் அடைந்தது. இங்கிலாந்தில் அது வளர்ந்த செம்மறியின் கறி. தமிழிலோ வெள்ளாடும் செம்மறியும் ஆடு என்ற ஒரே சொல்லில் அடக்கம். மட்டனும் அப்படியே அகலமாகி வெள்ளாட்டையும் சேர்த்துக்கொண்டது. பிரியாணி அண்டாவுக்குள் எது வெந்தது என்று இலக்கணம் பேசுகிறவருக்குப் பந்தியில் இடம் கிடைப்பது கடினம்.

சில இணைகளில் வேறுபாடு இல்லாததுதான் ஆபத்து. பெட்ரோல் லாரியின் முதுகில் இன்ஃபிளேமபிள் என்று எழுதியிருக்கும். விசிபிள் என்றால் தெரிவது, இன்விசிபிள் என்றால் தெரியாதது என்று படித்தவர், ஃபிளேமபிள் தீப்பிடிப்பது என்றால் இன்ஃபிளேமபிள் தீப்பிடிக்காதது என்று நியாயமாகவே முடிவு கட்டுவார். கையில் பீடி இருந்தால் முடிவு சீக்கிரம் வரும். இரண்டுக்கும் பொருள் ஒன்றே. இந்த ‘இன்’ எதிர்மறை இல்லை, உள்ளே என்ற பொருளுடைய லத்தீன் முன்னொட்டு. அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களில், குழப்பம் தராத குட்டைச் சொல்லையே பயன்படுத்தச் சொல்லி வற்புறுத்தியது. இலக்கணத் தகராறில் தீயணைப்புக்காரர்கள் புகுந்து ஏறக்குறைய ஜெயித்த அபூர்வமான வழக்கு இது.

டிஸ்இன்டரஸ்டட், அன்இன்டரஸ்டட் இணை நீதிமன்றத்துக்கு உரியது. நீதிபதி முன்னதாக இருக்க வேண்டும்: வழக்கில் தன் லாபநஷ்டம் எதுவும் இல்லாதவர். பின்னதாக இருந்தால், சாட்சி பேசும்போது கொட்டாவி விடுவார். இதைக் குழப்புகிறவர்களை நடைநூல்கள் நெடுங்காலமாகக் கண்டித்து வருகின்றன. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் ஆட்டம் தலைகீழாக இருந்தது: அன்இன்டரஸ்டட் நடுநிலையாளரையும், டிஸ்இன்டரஸ்டட் அக்கறையற்றவரையும் குறித்தன. இடையில் இரண்டும் வீடு மாற்றிக்கொண்டன. இன்று தவறு செய்கிறவர், பழைய விலாசத்தில் போய்க் கதவைத் தட்டுகிறார்.