முதல் பக்கத்தார்

தம்மம்பட்டியில் வாகை மரத்தை நம்பிப் பிழைப்பவர்கள் பலர். தசாவதாரப் பலகை, யாளி, பூஜையறைக் கதவு, கோயில் வாகனம் என்று வந்த ஆர்டருக்கு ஏற்ப உளி ஓடிக்கொண்டிருக்கும். சொல்லை நம்பிப் பிழைப்பவர்களும் எப்போதும் உண்டு: ஜோசியர், கல்யாணத் தரகர், கட்சிப் பேச்சாளர். அந்த வரிசையில் கடைசியாக வந்து உட்கார்ந்தவர்தான் முதல் பக்கத்தார். வீட்டில் வைத்த பெயர் வேறு. "கூகுள்ல முதல் பக்கம் வந்துரும்ணா, நான் பொறுப்பு" என்று அவர் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, ஊர் வைத்த பெயர் இது.

இவர் தம்மம்பட்டிக்கு மட்டும் சொந்தமானவர் அல்ல. ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் துறையூரிலும் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே, ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் தேடினால் ஒருவர் அகப்படுவார். ஆதியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர். பத்தாம் வகுப்பு ரிசல்ட் நாளன்று மட்டும் கல்லா நிறையும் தொழில் அது. எல்லார் கையிலும் போன் வந்ததும் கடையை மூடிவிட்டு, மற்றவர்கள் கடையை உலகத்துக்குத் திறந்து வைக்கும் வேலையில் இறங்கினார்.

அவருடைய பழைய காலத்து எழுத்தை நான் படித்திருக்கிறேன். ஒரு பட்டறையின் இணையதளத்துக்கு அவர் எழுதிய முன்னுரை ஏறத்தாழ இப்படிப் போகும்: "தம்மம்பட்டி மரச்சிற்பம் வாங்க சிறந்த தம்மம்பட்டி மரச்சிற்பக் கடையான எங்கள் தம்மம்பட்டி மரச்சிற்பக் கடையில் சிறந்த மரச்சிற்பம்." வாக்கியம் முடியவில்லை, அவருக்கு மூச்சுதான் முடிந்தது. இது போதாதென்று பக்கத்தின் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, கெங்கவல்லி முதல் கோலாலம்பூர் வரை ஊர்ப் பெயர்களைக் கொட்டி வைப்பார். மனிதக் கண்ணுக்குத் தெரியாது, இயந்திரத்துக்குத் தெரியும் என்பது கணக்கு. தெரிந்தது. தெரிந்ததால்தான் அந்தத் தளம் பத்தாவது பக்கத்துக்குப் போனது. பக்கத்தின் தலைப்பகுதியில் ஒளித்து வைக்கும் கீவேர்டு பட்டியலைத் தரவரிசைக்கு நாங்கள் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது. செய்தி இந்தப் பக்கம் வந்து சேரச் சில வருஷம் பிடித்தது. சென்னைக்குப் போய்ச் சேரவும் அவ்வளவு பிடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தளம் ஏன் காணாமல் போயிற்று என்று ஒரு சிற்பி கேட்க வந்தார். முதல் பக்கத்தார் வரலாற்றிலிருந்து தொடங்கினார்.

"2011ல பாண்டா வந்துச்சுங்க. அடுத்த வருஷம் பெங்குவின். 2013ல ஹம்மிங்பேர்டு. அதுக்கப்புறம் எல்லாமே மாறிப்போச்சு."

கூகுள் தன் மாற்றங்களுக்கு இப்படி விலங்கும் பறவையுமாகப் பெயர் வைத்திருந்தது சிற்பிக்குத் தெரியாது. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "செஞ்சு குடுத்துறலாம் தம்பி. எந்தச் சாமிக்கு வாகனம்? எத்தனை அடி?"

அந்த ஹம்மிங்பேர்டுதான் முதல் பக்கத்தாரைத் தத்துவவாதி ஆக்கியது. அதுவரை தேடுபொறி எழுத்துகளைப் பொருத்திப் பார்த்தது. இனி கேட்பவன் என்ன அர்த்தத்தில் கேட்கிறான் என்று பார்க்கும், அதற்குப் பெயர் செமாண்டிக்ஸ் என்றார்கள். 2019இல் கூகுளின் பெர்ட் வந்து, ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் இருக்கும் சொற்களை வைத்து அதன் பொருளைப் பிடிக்க ஆரம்பித்தது. 'தேக்கு நிலை' என்றால் வாசற்கால், 'மழை நிலை' என்றால் வானிலை. நமக்கு இது பால்குடி வயதில் வந்த அறிவு. இயந்திரத்துக்கு வந்ததும் அது தொழில்நுட்பம் ஆகி, முதல் பக்கத்தாரின் கட்டணமும் ஏறியது.

அன்றிலிருந்து அவரிடம் யாரும் எதையும் நேராகக் கேட்க முடிவதில்லை. "என்ன நோக்கத்துல கேக்கறீங்க?" என்பார். ஆண்ட்ரே பிரோடர் என்ற ஆய்வாளர் 2002இல் இணையத் தேடலை மூன்றாகப் பிரித்தார்: ஒன்றை அறிந்துகொள்ள, குறிப்பிட்ட ஓர் இடத்துக்குப் போய்ச்சேர, ஒரு காரியத்தை முடிக்க. முதல் பக்கத்தாருக்கு இது வேதம். மனைவி கடைக்குப் போகச் சொன்னால், "இது தகவல் தேடலா, வாங்குற தேடலா?" என்று கேட்பார். "ரெண்டு கிலோ தக்காளித் தேடல்" என்று பதில் வரும். பிரோடர் தம்மம்பட்டிக்கு வந்திருந்தால் நான்காவதாக ஒன்றைச் சேர்த்திருப்பார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே பார்த்துட்டுப் போலாம்னு" என்று வாசலில் நிற்பவர் எதைத் தேடுகிறார் என்பது எந்த அல்காரிதத்துக்கும் பிடிபடாது. ஐயாயிரம் கைமாத்து என்பது நமக்குப் பிடிபடும்.

அவர் வாழ்வின் பெரிய சோதனை ஒரு குதிரை வாகனத்தால் வந்தது. கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து 2011 ஜூனில் ஸ்கீமா என்று ஒரு பொது அகராதியைத் தொடங்கின. பக்கத்தில் இருப்பது மனிதரா, பொருளா, விழாவா, கடையா என்று இயந்திரத்துக்குப் புரியும்படி குறித்து வைக்கும் ஏற்பாடு. "கல்யாணப் பத்திரிகை மாதிரிங்க. யாரு மகன், யாரு பேத்தி, எந்த மண்டபம், எத்தனை மணி முகூர்த்தம், எல்லாம் அதது இடத்துல இருக்கோணும்" என்று அவர் விளக்குவார். நல்ல விளக்கம்தான். அந்த உற்சாகத்தில், ஒரு பெருமாள் கோயிலுக்காகச் செய்த ஏழடிக் குதிரை வாகனத்தை 'வாகனம்' என்ற வகையிலேயே பதிந்தார். ஸ்கீமாவில் வாகனம் என்றால் கார், லாரி. அது கேட்கும் விவரங்களும் அதற்கேற்றவை: எரிபொருள் என்ன, எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, எத்தனை கதவு, எத்தனை பேர் உட்காரலாம்.

முதல் பக்கத்தார் கேள்விகளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். சிற்பி உளியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

"உக்கார்றது உற்சவர் ஒருத்தருங்க. ஐயர் நின்னுக்கிட்டே வருவாரு. கதவு கெடையாது. ஓடறது வருசத்துக்கு ஒருக்கா, நாலு வீதி. எரிபொருள்னா... தூக்கறவங்களுக்குப் புளியோதரை குடுப்பாங்க."

நல்லவேளை, அதே அகராதியில் 'சிற்பம்' என்றும் ஒரு வகை உண்டு. அதில் எந்தப் பொருளால் ஆனது, யார் செய்தது என்று உருப்படியான கேள்விகள். இவற்றை நிரப்புவதற்காக அவர் பட்டறையில் மணிக்கணக்கில் உட்கார வேண்டியதாயிற்று. வாகைக்கும் மாவிலங்குக்கும் என்ன வித்தியாசம், கருடன் ஏன் கைகூப்பி இருக்கிறார், வெடிப்பு வராமலிருக்க மரத்தை எப்படி உலர்த்துவது என்றெல்லாம் கேட்டு எழுதினார். வெள்ளை எழுத்தில் ஊர்ப்பெயர் அடித்த கை, இப்போது யாளியின் பிடரியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறது. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது இந்தக் கட்டத்தில்தான். பட்டறைக்கு வாங்க விரும்புகிறவர்களின் விசாரிப்பும் வர ஆரம்பித்தது. ஆனால் பாராட்டை அவர் சிற்பிக்குப் பங்கு தரவில்லை. "செமாண்டிக்ஸ்ணா, எல்லாம் செமாண்டிக்ஸ்" என்றார்.

அவருக்கும் குறைகள் உண்டு. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் சிலர் ஓர் எம் போட்டு எழுதுகிறார்கள், சிலர் இரண்டு எம். கடைசியில் ஐ ஒரு கட்சி, ஒய் ஒரு கட்சி. எல்லாம் ஒரே ஊர்தான் என்று இயந்திரம் புரிந்துகொண்டுவிட்டது, இன்னும் சில அலுவலகங்கள் புரிந்துகொள்ளவில்லை. அதைவிடப் பெரிய குறை, தம்மம்பட்டியைத் தேடினால் பச்சைமலைக்கு அந்தப் பக்கத்து அரும்பாவூரும் சேர்ந்து வருவது. அவர்களுடைய மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டும் ஒரே குடும்பத்துத் தொழில் என்று இயந்திரம் கண்டுபிடித்தது சரிதான். "உறவு இருக்குதுங்கறதுக்காகப் பந்தியில பக்கத்துலயே உக்கார வெக்கோணுமா?" என்பது இவர் வாதம்.

இப்போது காலம் மறுபடி புரண்டிருக்கிறது. தேடினால் செயற்கை நுண்ணறிவு மேலேயே பதிலைச் சுருக்கி எழுதிவிடுகிறது. கீழே இருக்கும் முதல் பக்கத்தை எட்டிப் பார்க்க ஆளில்லை. அவர் அசரவில்லை. தேடுபொறிக்கு ஏற்றபடி எழுதும் எஸ்.இ.ஓ. போய், பதில் எழுதும் நுண்ணறிவுக்கு ஏற்றபடி எழுதும் ஜி.இ.ஓ. வந்துவிட்டதாம். போர்டில் முதல் எழுத்தை மட்டும் மாற்றித் தரச் சொல்லி ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார். ஃப்ளெக்ஸில் ஓர் எழுத்தை மட்டும் மாற்ற முடியாது, முழுசாக அடிக்க வேண்டும் என்றார்கள். அடித்து மாட்டினார்.

மறுநாள் காலையில் ஒரு பாட்டி வீட்டுவரி ரசீதோடு மாடியேறி வந்தார். பேரூராட்சிக்கு ஈ.ஓ. உண்டு, அவருக்கும் மேலே ஜி.ஈ.ஓ. என்று ஒருத்தர் புதிதாக வந்திருப்பதாகக் கீழே டீக்கடையில் சொன்னார்களாம்.

"என்ன நோக்கத்துல வந்தீங்க பாட்டி?"

"குழாய்ல நாலு நாளா தண்ணி வரல சாமி."