எட்டாயிரத்து அறுநூறு கோடிக் கடல்

கடலில் மீன் குறைந்துவிட்டதை அரசாங்கம் ஒருவழியாகக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த கையோடு மருந்தும் எழுதிக் கொடுத்தது. 2024 பிப்ரவரியில் விழிஞ்ஞத்தில் விழா எடுத்து, அன்றைய மத்திய மீன்வளத் துறை அமைச்சர் புருஷோத்தம் ரூபாலா தொடங்கிவைத்த செயற்கைப் பார் திட்டம்தான் அந்த மருந்து. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 42 மீனவக் கிராமங்கள், 6,300 கான்கிரீட் கூடுகள், 13 கோடி ரூபாய். ஜிபிஎஸ் வைத்து இடம் குறித்துக் கூட்டைக் கடலடியில் இறக்கினால் கொஞ்ச நாளில் பாசி பிடிக்கும், சிப்பி ஒட்டும், குஞ்சு மீன் வந்து ஒளியும், அதைத் தின்னப் பெரிய மீன் வரும். வரட்டும், நல்ல திட்டம்தான். ஆனால் அதே ஊரில், அதே கடலில், அதானி துறைமுகத்துக்காகக் கட்டிய, ஊர்க்காரர்கள் புலிமுட்டு என்று சொல்லும் அலைத்தடுப்புச் சுவர் மூன்று கிலோமீட்டருக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறதே, அதை மேடையில் ஒருவர்கூடப் பார்க்கவில்லையா?

விழிஞ்ஞத்தில் கரையை ஒட்டியே கடல் 18 முதல் 20 மீட்டர் ஆழம். அதானி துறைமுகத்தைப் பற்றிய எந்த விளம்பரத்திலும் முதல் வரி இதுதான். இயற்கை தந்த வரம் என்பார்கள். அதே இயற்கை அதே இடத்தில் கடலடிப் பாறைகளையும் தந்திருந்தது. மீனவர்கள் அவற்றைப் பார் என்பார்கள். சிங்கி இறாலும் கலவாவும் சிப்பியும் அங்கேதான் குடியிருந்தன. கரையிலுள்ள குன்றையும் மாதா கோயிலையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, நடுக்கடலில் பாரின் தலைக்குமேல் வள்ளத்தை நிறுத்தும் கணக்கு அந்த ஊர்க் கிழவர்களுக்குப் பாடம். ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப்’ என்கிற அமைப்பினர் இந்தப் பார்களில் மூழ்கிப் படமெடுத்துப் பதிவுசெய்து வருகிறார்கள். துறைமுக எல்லைக்குள் கிடந்த பார்கள் கல்லுக்கும் தோண்டிய சேற்றுக்கும் அடியில் போய்விட்டன என்கிறார்கள் மீனவர்கள். ஆழம் தேசத்தின் சொத்து, பார் மீனவனின் சொந்தப் பிரச்சினை. அதனால் பைசா செலவில்லாமல் கிடந்ததை மூடிவிட்டு, பணம் போட்டு நகல் எடுக்கிறோம்.

மூடுவதற்குக் கல் எங்கிருந்து வந்தது என்று கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். களியக்காவிளை வழியாக டாரஸ் லாரிகள் வரிசைகட்டிப் போனதையும், அள்ளிய பாரத்தில் ரோடு பிளந்ததையும் பார்த்தவர்கள் அவர்கள்தான். மேற்குத் தொடர்ச்சி மலையை 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியபோது நாம் கைதட்டினோம். அந்த மலையின் வாலை உடைத்துத்தான் லாரியில் ஏற்றினோம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரே கல்லில் ஒரு மலையும் போயிற்று, ஒரு பாரும் போயிற்று. இப்படியொரு சிக்கனத்தை உலக வங்கிக்காரன்கூடச் சொல்லித்தர மாட்டான்.

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். சட்டம் அழகாக ஒதுங்கி நின்றது. 1991 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில், இயற்கை எழில் மிகுந்த இடங்களும் கைவைக்கக் கூடாத முதல் வகையில் இருந்தன. 2011-இல் புது அறிவிக்கை வந்தபோது எழிலைக் காணவில்லை. இருபது வருடத்தில் இந்தியக் கடற்கரை முழுக்க அசிங்கமாகிவிட்டது என்று டெல்லியில் யாரோ முடிவுகட்டியிருக்க வேண்டும். 2014 ஜனவரியில் துறைமுகத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அதை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனவர்கள் இந்த எழிலையும் எடுத்துச் சொல்லித்தான் வாதாடினார்கள். 2016 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது: துறைமுகம் கட்டலாம், நிபந்தனைகள் உண்டு, கண்காணிக்கக் குழு உண்டு. நம் நாட்டில் அழிந்த எந்த இயற்கையும் நிபந்தனையில்லாமல் அழிந்ததில்லை.

பிறகு கடல் ஊருக்குள் வந்தது. திருவனந்தபுரத்தில் சங்குமுகம் கடற்கரையை விழுங்கியது, வலியதுறையில் வீடுகளைத் தின்றது. வீடிழந்த குடும்பங்கள் பழைய சிமென்ட் கிட்டங்கியில் வருடக்கணக்கில் கிடந்தன. துறைமுகத்தால்தான் என்றார்கள் மீனவர்கள். இல்லை, ஓக்கி மாதிரிப் புயல்களால் என்றது துறைமுகத் தரப்பு. 2017 ஓக்கிக்கு அங்கே வேலை அதிகம். சுவர் கட்ட ஏன் தாமதம் என்று கேட்டாலும் ஓக்கி, கரை ஏன் போயிற்று என்று கேட்டாலும் ஓக்கி. விழிஞ்ஞத்திலும் பூந்துறையிலும் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீட்டில் மட்டும் அந்தப் பெயரைச் சாக்காகச் சொல்ல ஆளில்லை.

2022-இல் லத்தீன் மறைமாவட்டத்தின் தலைமையில் மீனவர்கள் துறைமுக வாசலில் உட்கார்ந்தார்கள். கட்டுமானத்தை நிறுத்து, கரையரிப்பை ஆராய்ந்து சொல், பிறகு கட்டு என்பதுதான் கேட்டது. அதுவரை ஜென்மப் பகையாளிகளாக இருந்த சிபிஎம்மும் பாஜகவும் அந்த நவம்பரில் துறைமுகத்துக்காக ஒரே மேடையில் ஏறின. அதானியோடு போட்ட துறைமுக ஒப்பந்தத்தில் 6,000 கோடி ஊழல் என்று எதிர்க்கட்சியாக இருந்தபோது முழங்கிய அதே சிபிஎம்தான். கேரளத்தில் எதைக்கொண்டும் சேர்த்துவைக்க முடியாத இருவரைச் சேர்த்துவைத்த பெருமை கௌதம் அதானிக்கு உரியது.

கேரளத்தை மட்டும் திட்டினால் நியாயமில்லை. டெல்லி பாவம், அதன் சாதனை பெரிது. பெரிய நிக்கோபாரில் கலத்தியா விரிகுடா ஒரு வனவிலங்குச் சரணாலயமாக இருந்தது. தோணியளவு பெரிய ஏழுவரி ஆமை முட்டையிட வரும் மணல் அது. அங்கேயும் சரக்குப் பெட்டி மாற்றும் துறைமுகம் வேண்டும் என்றார்கள். 2021 ஜனவரியில் சரணாலய அந்தஸ்தை எடுத்துவிட்டார்கள். சில வாரங்களிலேயே கடலாமைகளைக் காக்கும் தேசியச் செயல்திட்டம் வெளியானது. அது சொன்ன, ஆமைக்கு முக்கியமான இடங்களில் கலத்தியாவும் உண்டு! அங்கே வெட்டும் மழைக்காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடுவார்களாம். பவளத்திட்டைப் பெயர்த்து வேறு இடத்தில் ஒட்டுவார்களாம். 2023-இல் பல்லுயிர்ச் சட்டத்தைத் திருத்திச் சிறைத்தண்டனையை அபராதமாக்கினார்கள். அடுத்த வருடமே, நிலத்திலும் கடலிலும் முப்பது சதவீதத்தை 2030-க்குள் காப்போம் என்று கொலம்பியாவில் உலகத்தின்முன் புதிய செயல்திட்டத்தை வைத்தார்கள். அந்த முப்பது எங்கே இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம்: எந்த முதலாளிக்கும் வேண்டாத முப்பதாக இருக்கும்.

இப்போது பில்லுக்கு வருவோம். 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் வந்து விழிஞ்ஞம் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். மூன்று வாரம் கழித்து அங்கிருந்து கொச்சிக்குக் கிளம்பிய எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் சாய்ந்து, 25-ஆம் தேதி மூழ்கியது. 640 பெட்டிகள்; பதின்மூன்றில் ஆபத்தான சரக்கு; தொட்டிகளில் டீசலும் உலை எண்ணெயும். திருவனந்தபுரம் கரையில் ஜவ்வரிசியைக் கொட்டியதுபோல வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் குருணை ஒதுங்கியது. குமரிக் கரைக்கும் வந்தது. ஜனங்கள் குனிந்து, மணலைச் சலித்துச் சலித்துப் பொறுக்கினார்கள். பாதித்த மீனவக் குடும்பத்துக்கு அரசு ஆயிரம் ரூபாயும் ஆறு கிலோ அரிசியும் அறிவித்தது. கப்பல் கம்பெனி விழிஞ்ஞத்துக்குப் பெரிய வாடிக்கையாளர், குற்ற வழக்கு இப்போதைக்கு வேண்டாம், காப்பீட்டைப் பார்ப்போம் என்று அரசு மட்டத்தில் பேசிக்கொண்டது பத்திரிகைகளில் வந்து மானம் போனது. அதன்பிறகுதான் ஜூன் 11-இல் போலீஸ் வழக்குப் பதிந்தது.

ஆனால் பணம் கேட்கும்போது அரசுக்குக் கூச்சமே இல்லை. உயர் நீதிமன்றத்தில் 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டது. அதில் சுற்றுச்சூழலுக்கு நேர்ந்த சேதத்துக்கு மட்டும் 8,626 கோடி. மீனவர்களின் இழப்பு 526 கோடி. ஆக, கடலுக்கு விலை போட இவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது. அந்நியன் ஒருவன் கெடுத்தால் பைசா சுத்தமாகத் தெரிகிறது.

அப்படியானால் அந்தக் கணக்கப்பிள்ளைகளையே ஒருநாள் புலிமுட்டுக்கு அனுப்பிவைக்கலாம். சுவருக்கு அடியில் போன பார், தோண்டிக் கொட்டிய சேறு, உடைத்த மலை, போன கரை, எல்லாவற்றுக்கும் அதே விலைப்பட்டியலைப் போட்டு ஒரு வழக்கு எழுதட்டும். வாதி கேரள அரசு. பிரதிவாதிகள் கேரள அரசு, மத்திய அரசு, அதானி துறைமுகம். வழக்குச் செலவுக்குக் கஜானாவில் காசில்லை என்றால், மீனவனுக்குக் கொடுத்த அந்த ஆயிரத்தில் பிடித்துக்கொள்ளட்டும்.